முத்திரையையே அடகு வைத்த நிறுவனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடனில் தத்தளிக்கும் அமெரிக்க கார் நிறுவனம் மீண்டு எழுமா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் ஜெனரல் மோட்டார்ஸை உதாரணம் காட்டுகிறார்கள். 2009 ஜூன் 1-இல் திவால் மனு. ஜூலை 10-இல் புது நிறுவனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பங்குதாரர்களின் முதலீடு அடியோடு போனது. பான்டியாக், சாட்டர்ன் கார்களுக்கு மூடுவிழா நடந்தது. சுமார் 5,000 கோடி டாலர் போட்ட அமெரிக்க அரசு, 2013-இல் கடைசிப் பங்கை விற்றபோது ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டிருந்தது. இதை மீட்சி என்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஃபோர்டு செய்ததே கெட்டிக்காரத்தனம். கடன் சந்தை இறுகுவதற்கு முன்பே, 2006-இல், ஆலைகளையும் காப்புரிமைகளையும், ஏன், கார் முகப்பில் மின்னும் அந்த நீல நீள்வட்ட முத்திரையையும்கூட அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. விமானத் தொழிலிலிருந்து வந்து ஃபோர்டின் தலைமை நிர்வாகியான ஆலன் முலாலி, ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடாவிடம் விற்றுவிட்டு, சொந்தக் கார்களில் கவனம் செலுத்தினார். முத்திரை 2012-இல் மீண்டது. ஃபோர்டு திவால் நீதிமன்றப் படி ஏறவில்லை. அரசுப் பணமே தொடவில்லை என்றும் சொல்ல முடியாது. எரிசக்தித் துறையிடம் 590 கோடி டாலர் கடன் வாங்கியது. ஆனால் அதை வட்டியோடு திருப்பிக் கட்டியது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி