ஃப்ளெக்ஸ் வேண்டாம் சித்தப்பா, எண் பலகை போடுங்கள்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முட்டிவலி இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். அனுப்பிய மலைப்பூண்டு வந்து சேர்ந்தது.

கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிளை எதிர்ப்பக்கமாக ஓட்டுகிறவர்கள், மூன்று பேர் சேர்ந்து சாலையையே அடைத்துக்கொண்டு போகிறவர்கள், நடைபாதையில் ஏற்றிவிட்டு நடக்கிறவர்களைப் பெல் அடித்து விரட்டுகிறவர்கள், இவர்களையெல்லாம் படம் பிடித்துக் கலையரங்கம் பக்கம் ஃப்ளெக்ஸ் வைத்து மானத்தை வாங்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் இப்படித்தானாமே, எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே நிறையவே நடக்கிறது. ஆனால் செய்வது அரசாங்கம் இல்லை. காரில் கேமரா மாட்டியிருக்கும் ஆட்கள்.

இங்கே சைக்கிளுக்குச் சட்டம் நுணுக்கமானது. பெரும்பாலான நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. பூங்கா இணைப்புப் பாதையிலும் சைக்கிள் பாதையிலும் 25 வரை போகலாம். விரைவுச்சாலையில் ஏறவே கூடாது. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். ஒரு திசைக்கு இரண்டு தடமாவது இருக்கிற சாலையில் இருவர் பக்கம் பக்கமாகப் போகலாம். ஒற்றைத் தடச் சாலையிலும், பேருந்துத் தடம் அமலில் இருக்கும் நேரத்தில் அதற்குள்ளும் ஒருவர் பின் ஒருவராகத்தான். 2022 ஜனவரி 1 முதல் குழுவுக்கும் அளவு வைத்துவிட்டார்கள்: ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், இரட்டை வரிசை என்றால் பத்துப் பேர். மீறினால் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். 2021 செப்டம்பரிலிருந்து கைப்பிரேக் ஒன்றுகூட இல்லாத சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. பிரேக்கே இல்லாமல், பெடலைப் பின்னுக்கு அழுத்தி நிறுத்துகிற ஒருவகை சைக்கிள் இளவட்டங்களிடம் பரவியதால் வந்த விதி அது.

மின்சார சைக்கிளின் கதை வேறு. மோட்டார் 250 வாட்டுக்குள், எடை 20 கிலோவுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். பதிவு உண்டு, பின்னால் எண் பலகை உண்டு, ஓட்டுகிறவருக்கு 16 வயதாகி எழுத்துத் தேர்வும் முடித்திருக்க வேண்டும். நடைபாதையில் ஏற்றவே கூடாது.

மிதி சைக்கிளுக்கு மட்டும் எண் கிடையாது. கார் சிவப்பு விளக்கைத் தாண்டினால் கேமரா எண்ணைப் படித்து அபராதச் சீட்டை வீட்டுக்கே அனுப்பிவிடும். சைக்கிள் தாண்டினால் படத்தில் இருப்பது முதுகும் சட்டையும்தான். ஓட்டுகிறவர்களுக்கு உரிமம் வைக்கலாமா என்று 2021இல் ஒரு ஆலோசனைக் குழு ஆராய்ந்தது. வேண்டாம் என்று பரிந்துரைத்தது, அரசும் ஏற்றுக்கொண்டது. எண் இல்லாத இடத்தில் முகம்தான் எண்ணாகிவிடுகிறது. பத்துப் பதினைந்து நொடி வீடியோவை வலையில் போட்டு "இந்த ஆளைத் தெரியுமா?" என்று கேட்டால் போதும். ஜெர்சியில் இருக்கும் குழுவின் பெயர், உணவு கொண்டுபோகும் பையின் நிறம், அலுவலக அடையாள அட்டையின் நாடா என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மாலைக்குள் ஒரு பெயர் வந்துவிடும். வருகிற பெயர் சரியான ஆளுடையதுதானா என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரே குழுவில் நாற்பது பேர் ஒரே ஜெர்சி போட்டிருப்பார்கள்.

வீடியோவை நம்பித் தீர்ப்புச் சொல்வதிலும் பல ஓட்டைகள். காரின் கண்ணாடியில் ஒட்டும் கேமராவுக்கு அகலக் கோண லென்ஸ். எதுவும் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். கார் சைக்கிளை முக்கால் மீட்டர் இடைவெளியில் உரசிக்கொண்டு போயிருந்தாலும், படத்தில் ஒரு ஆள் படுக்கும் இடம் இருப்பதுபோல் இருக்கும். (ஒன்றரை மீட்டர் விட்டுத் தாண்டுங்கள் என்று ஓட்டுநர்களுக்கு இங்கே சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.) அடுத்தது, வெட்டிப் போடுவது. சைக்கிள்காரர் திடீரென்று நடுத்தடத்துக்கு வந்ததுபோல் வீடியோ ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய ஐந்து நொடியில் இடப்பக்கம் நின்றிருந்த லாரியோ, சக்கரம் சிக்கும் சாக்கடைக் கம்பியோ வெட்டோடு போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டு வாங்குகிற பலர் தப்பே செய்யாதவர்கள். இரண்டு தடச் சாலையில் இருவர் பக்கம் பக்கமாகப் போவது சட்டப்படி சரி என்று மேலே சொன்னேனே, அதற்குத்தான் இங்கே அதிகம் வசவு விழுகிறது.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2014இல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. 2019இல் திருத்தி, 2020 ஜனவரி 1இலிருந்து, ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவருடைய பெயர், படம், வீட்டு முகவரி, கைப்பேசி எண், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை வெளியிடுவதையும் குற்றமாக்கிவிட்டார்கள். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோடு எங்கே என்று சட்டமே உதாரணத்தோடு காட்டுகிறது. கண்மண் தெரியாமல் கார் ஓட்டும் ஒருவரின் வீடியோவை, மற்றவர்கள் கவனமாக ஓட்டட்டும் என்ற எண்ணத்தில் போடுவது குற்றமில்லை. ஆகவே படம் எடுத்ததைவிட, எதற்காகப் போட்டீர்கள், கூடவே என்ன எழுதினீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். "மானத்தை வாங்குவோம்" என்று சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தால், அந்த வரி ஒன்றே எதிராளியின் வக்கீலுக்குப் போதும்.

அரசாங்கமே ஊர் பார்க்கத் தண்டிப்பதும் இங்கே உண்டு. குப்பை போட்டவர்களைப் பளிச்சென்ற மேலங்கி மாட்டிப் பொது இடத்தைப் பெருக்க வைக்கும் முறை 1992இலிருந்து இருக்கிறது. ஆனால் அது நீதிமன்ற உத்தரவு. இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு, முடிந்ததும் மேலங்கியைக் கழற்றிவிடலாம். வலையில் ஏறிய முகத்துக்குக் கழற்றும் நேரம் கிடையாது.

நம்மூர்ச் சட்டமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356ஆம் பிரிவு. சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் நிற்க வேண்டும். 2020 மார்ச்சில் லக்னோவில் போராட்டக்காரர்களின் படம், பெயர், முகவரியோடு நிர்வாகம் வைத்த பலகைகளை எடுக்கச் சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; தனியுரிமையில் தலையிடுவது என்பதுதான் காரணம். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசாங்கப் பலகைக்கே அந்தப் பாடு என்றால் சங்கப் பலகைக்குச் சொல்ல வேண்டாம். ஏரிக்கரையில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தாக ஓட்டினால் அதே சன்ஹிதாவில் 281ஆம் பிரிவு இருக்கிறது. அது மோட்டார் வண்டிக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும்தான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது போலீஸ் வேலை.

சட்டம் கிடக்கட்டும், ஃப்ளெக்ஸ் வேலைக்கே ஆகாது என்பதுதான் என் கருத்து. தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்றால்தான் ஒருவனுக்கு வெட்கம் வரும். 2024 மே 7இலிருந்து இ-பாஸ் (மலைக்கு வண்டியில் வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்துக்கொண்டு மேலே வருகிற மதுரைக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ சாயங்காலம் பெருமாள்மலை தாண்டி இறங்கிவிடுவார். கலையரங்கத்தில் தொங்கும் படத்தை அவரும் பார்க்கப் போவதில்லை, அவரைத் தெரிந்தவர்களும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பலகை சுடுவது நாயுடுபுரத்திலிருந்து பால்கேன் கட்டிக்கொண்டு வரும் பையனைத்தான். அவன் லைட் இல்லாமல் வந்திருப்பான், ஊரே அவனைப் பார்த்துவிடும். நூறு பேர் செய்த தப்பு நம் பிள்ளை ஒருவன் தலையில் விழும்.

ஃப்ளெக்ஸுக்குப் பதில் வாடகை சைக்கிள்களுக்கு எண் போடுங்கள். சிங்கப்பூரில் இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: ஏரியைச் சுற்றி ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒரு சில கடைகளின் வண்டிகள்தானே. ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண். 20 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு; எழுத்து 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் கறுப்பு. சீட்டுக்குப் பின்னால், மட்கார்டு ரிஃப்ளெக்டரை மறைக்காமல் மாட்டுங்கள். பிளாஸ்டிக் டேக்கால் கட்டாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு முறுகி ஒரு சீசனில் ஒடிந்துவிடும். இரண்டு 5 மில்லிமீட்டர் போல்ட், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. சாதா நட்டு அந்தக் கல்லு ரோட்டு அதிர்வில் கழன்றுபோகும். இரட்டைச் சீட்டு வண்டிகளுக்குத் தனி வரிசை எண் கொடுங்கள். அவற்றுக்கு நிற்கும் தூரம் அதிகம், புகாரும் அதிகம் வரும்.

அட்வான்ஸ் வாங்கும் சீட்டில் அந்த எண்ணை எழுதி, மூன்று விதியை மட்டும் அச்சடியுங்கள்: இடப்பக்கம், இருவருக்கு மேல் பக்கவாட்டில் இல்லை, நடைபாதையில் ஏற்றக்கூடாது. பத்து விதி போட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். மீறினால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பது அதே சீட்டில் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது புதிதாகச் சொன்னால் சண்டைதான். படம் எடுக்கிறவர் பின்னாலிருந்து, எண் தெரிய, முகம் தெரியாமல் எடுத்துக் கடைக்காரர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பட்டும். நேரமும் பக்கத்து மின்கம்ப எண்ணும் எழுதினால் இடத்தைப் பற்றி வாக்குவாதம் வராது. இங்கே தெருவிளக்குக் கம்பத்து எண்ணைச் சொல்லித்தான் புகார் கொடுப்பார்கள். அட்வான்ஸ் கணக்கு முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். விதிமீறல் என்று நீங்கள் எழுதியதில் பாதி, வண்டியின் குறை. நிறுத்தக் கோட்டில் நிற்காதவர்களில் பலர் நிற்க முடியாதவர்கள். ஏரிக்கரைச் சாலை பெரும்பாலும் மட்டம்தான். மேலே ஏறும் ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்விட்டு இறங்கும்போதுதான் வினை. வண்டியை வெளியே கொடுப்பதற்கு முன் லீவரை முழுக்க அழுத்திப் பாருங்கள். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒயரை இழுத்துக் கட்டுங்கள். முன்பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். லீவருக்குள் போகும் இடத்தில் ஒயரின் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், அங்கேதான் அறும். பிரேக் கட்டை பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். வரிப்பள்ளம் மறைந்திருந்தால் தேய்க்காமல் மாற்றுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் மோசம், முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வளைவுக்கு முன்னாலேயே லேசாக அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். புதிதாக வாங்கினால் அலுமினிய ரிம்.

மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கும் நாட்களில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத வண்டியைக் கொடுக்காதீர்கள். ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பனிமூட்டத்தில் அங்கேயே சிதறிவிடும்.

எத்தனை கடைக்காரர்கள் இதற்கு ஒத்துவருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பொறுத்து நிறம் பிரித்து, தகட்டுக்கு வரைபடம் போட்டு அனுப்புகிறேன். தகடு வெட்டுவது வத்தலக்குண்டிலேயே முடியுமா, மதுரைக்குப் போக வேண்டுமா என்றும் விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மகன்
செல்வம்