பாப்பாவுக்கு, ஆற்காட்டிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சவுக்கியம். பாலாற்றில் தண்ணீர் வந்தது. பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். மற்ற சேதி பிறகு.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் சம்பந்தியம்மா இருக்கிறார். நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரமாக வீடியோவில் பேரனின் பின்னந்தலையும் உங்கள் வீட்டு ஃபேனும்தான் தெரிகிறது. டெல்லியில் சிக்னல் சரியில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு குல்லா நழுவியபோது நான் அவன் கன்னத்தைப் பார்த்துவிட்டேன். ராணிப்பேட்டையில் 31 வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் நின்றவனிடம் தோலை மறைக்கப் பார்க்கிறாயே.

அது கரப்பான்தான், எக்ஸிமா என்பார்களே அதுதான் என்று எனக்குப் படுகிறது. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே குழந்தை டாக்டரிடம் போய்க் கேட்டேன். பிள்ளையைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன் என்றார். அதுவே அவர் மேல் நம்பிக்கை வந்ததற்குக் காரணம். பொதுவாகச் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வந்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து நிமிஷம் குளிப்பாட்டினால் போதும். கடலை மாவு, பயத்த மாவு போட்டுத் தேய்க்கவே கூடாது. வாசனை சோப்பும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், வாசனை இல்லாத கிரீமை உடம்பு முழுக்கத் தடவு. சிவந்த இடத்தில் மட்டும் இல்லை, முழுக்க. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வாரத்துக்கு 100 கிராமாவது தீர வேண்டுமாம். ஒரு சின்ன டியூப் உனக்கு ஒரு மாசம் வருகிறதென்றால் நீ பொட்டு வைக்கிறாய் என்று அர்த்தம்.

இது எனக்குப் புதிதாகவே இல்லை. மயிர் போகச் சுண்ணாம்பில் போட்டெடுத்துப் பதனிட்ட தோலில் கொழுப்பு அவ்வளவாக இருக்காது. அப்படியே காயவிட்டால் அப்பளமாக விறைத்து, மடித்த இடத்தில் முறியும். அதனால்தான் ஈரத்தோடு டிரம்மில் போட்டு எண்ணெய் ஏற்றுவோம். பேரனைப் போய் ஆட்டுத்தோலோடு சேர்த்துப் பேசுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். உன் வீட்டு ஹீட்டர் வேறு காற்றை உலர்த்திக்கொண்டிருக்கும். ஈரத்திலேயே தடவு.

சிவந்து தடித்த இடத்துக்கு டாக்டர் லேசான ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தந்தால் பயப்படாதே. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மாதிரி எழுதுவார்களாம். நம் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அந்த அளவு இடத்துக்குப் போதும். சொன்ன நாள் வரைக்கும் போடு. மெடிக்கலில் அவனாக எடுத்துத் தரும் மூன்று மருந்து கலந்த டியூப் மட்டும் வேண்டாம். இரண்டே நாளில் முகம் பளபளக்கும், அதில்தான் மோசம். மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போ. சின்னச் சின்னக் கொப்புளமாகக் கூட்டமாக வந்தால் விடியட்டும் என்று இருக்காதே, ராத்திரியே போ. இது தொத்து வியாதி இல்லை, குல்லா போட்டு மறைக்க வேண்டியதில்லை. கம்பளிக் குல்லா உரசினால் இன்னும்தான் அரிக்கும். என் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா எட்டு ஜப்லா தைத்திருக்கிறாள், பார்சலில் வருகிறது. அந்த வேட்டி துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. கம்பளி போட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளே இதைப் போடு. நகத்தை வெட்டிவிடு. ஈரத்திலேயே தடவு.

இதெல்லாம் நீயே டாக்டரிடம் கேட்டிருப்பாய். படித்த பிள்ளை. நான் எழுத வந்தது வேறு.

குல்லா நழுவியபோது அவன் கன்னத்தோடு உன் கழுத்தெலும்பும் தெரிந்தது. "கத்திரிக்காய் நிறுத்திட்டோம், கருவாடு, முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்திட்டோம்" என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீஸில் இருபது பேரை வேலை வாங்குகிறாய், சொந்த வீட்டில் ஒரு கரண்டி குழம்பு கேட்க வாய் வரவில்லையா? பால் கொடுக்கிறவள் பட்டினி கிடந்தால் கரப்பான் போய்விடாது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால், டாக்டர் பார்த்து அந்த ஒன்றை மட்டும் நிறுத்துவாராம்.

அம்மாவுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்று மாப்பிள்ளையிடம் கூடச் சொல்லியிருக்கிறாய். அப்படி இல்லை பாப்பா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்றால் உன் அம்மாவுக்கு உயிர்.

1994. உனக்கு அப்போது நாலு மாசம். இவனைப் போலவே இரண்டு கன்னமும் வெடித்து நீர் கசியும், ராத்திரியெல்லாம் தலையணையில் முகத்தைத் தேய்ப்பாய். தாய் தின்றதுதான் பிள்ளைக்கு வந்தது என்று ஆயா பத்தியம் போட்டது. பூண்டு ரசம், சுட்ட அப்பளம், மூன்று வேளையும் அதே. அம்மாவுக்குப் பாலே வற்றியது. ஒரு நாள் இரண்டாவது ஷிப்டு முடிந்து பதினொரு மணிக்கு வந்தேன். அடுப்படியில் விளக்கில்லை. உன் அம்மா கத்திரிக்காய் காராமணிக் குழம்புச் சட்டியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மூக்கு நுனியில் குழம்பு ஒட்டியிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டில் சோறு போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். "பிள்ளை மேல அக்கறை இல்லையா உனக்கு" என்று ஆயாவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

மறுநாள் உன் கன்னம் இன்னும் மோசம். அது தானாக ஏறி இறங்குகிற வியாதி என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வீடே அவளைப் பார்த்தது. ஷாப்பு வாடை போகாத சட்டையோடு தினம் உன்னைத் தூக்கினேன், அதை ஒருவரும் கேட்கவில்லை. உனக்கு இரண்டு வயசுக்குள் எல்லாம் ஆறிவிட்டது. அவள் அன்றையிலிருந்து கத்திரிக்காயை வாயில் வைக்கவில்லை. நமக்கு மட்டும் சமைத்துப் போடுகிறாள். நானும் முப்பது வருஷமாக ஏன் என்று கேட்காமல் தின்றுகொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் இதைப் படிக்கக் கொடு. வேண்டாமென்றால் கிழித்துப் போடு. அம்மாவிடம் சொல்லாதே, இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கிறது. நாங்கள் வர வேண்டுமென்றால் போனில் "அப்பா, கத்திரிக்காய் என்ன விலை" என்று கேள், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அப்பா