பாடகர் குழுவில் குரல் அடைப்பது ஐஸ் தண்ணீராலா?

ஆசிரியருக்கு,

நத்தார் ஆராதனைகளுக்கும் பாடசாலை ஒளிவிழாக்களுக்கும் கொழும்பில் ஒத்திகைகள் தொடங்கும் காலம் இது. குழுவில் குரல் கம்மியவர்கள் கூடக்கூட மழையையும் ஐஸ் தண்ணீரையும் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் ஒத்திகை நடத்தும் முறைதான். "இன்னும் சத்தமாய்!" என்ற கட்டளையை முதலில் நிறுத்த வேண்டும்.

கீபோர்டின் முழக்கத்திலும் மின்விசிறிகளின் இரைச்சலிலும் தன் குரல் காதில் விழாதவர் தன்னை அறியாமலே கத்துவார். பக்கத்தில் நிற்பவரும் அவரை மீறக் கத்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911 இலேயே இந்த இயல்பை எழுதி வைத்தார். கீபோர்டின் ஒலியைக் குறையுங்கள். ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவையாவது வாத்தியமின்றிப் பாடவிடுங்கள். தோளோடு தோள் நெருக்கி நிறுத்தாமல், இடைவெளி விட்டு அரைவட்டமாக நிறுத்துங்கள்.

அடுத்தது சுருதி. உச்ச ஸ்வரத்தில் தாடை முன்தள்ளி, கழுத்து நரம்பு புடைத்தால், அந்தச் சுருதி அந்தக் குழுவுக்கு அதிகம். கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு படி இறக்கினால் பாட்டு ஒரு முழு ஸ்வரம் தாழும். இதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பயிற்றுநர்கள் உண்டு. வினாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரத்தைப் பாடும்போது குரல் நாண்கள் வினாடிக்கு 440 தடவை மோதுகின்றன. அழுத்தத்தோடு மாதக்கணக்கில் மோதினால், கையில் காய்ப்பு ஏறுவதுபோல் நாண்களின் விளிம்பில் சிறு கட்டிகள் வரலாம்.

ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்தைக் குரலுக்கே ஒதுக்குங்கள். தோளை உயர்த்தாமல், கீழ் விலாவும் வயிறும் விரிய மூச்செடுத்து, "ஸ்ஸ்" என்று 15 எண்ணும்வரை ஒரே சீராக விடட்டும். பிறகு, அரைவாசி தண்ணீருள்ள போத்தலில் ஸ்ட்ரோவின் நுனி 2 சென்ரிமீற்றர் மட்டும் அமிழ, "ஊ" என்று குமிழி விட்டபடி தாழ்விலிருந்து உயர்வுக்கும் மீண்டும் தாழ்வுக்கும் வழுக்கிப் பாடட்டும். குறுகிய வழியில் காற்று வெளியேறும்போது நாண்களுக்கு மேலே ஓர் எதிரழுத்தம் உண்டாகும். நாண்கள் மெதுவாகவே சந்திக்கும். ஸ்ட்ரோவை ஆழமாக அமிழ்த்தினால் தள்ளித் தள்ளி ஊத வேண்டிவரும், பயன் கெடும். உதட்டோரமோ மூக்காலோ காற்று ஒழுகக் கூடாது. இரண்டு நிமிடம் போதும். கடினமான வரியையும் முதலில் ஸ்ட்ரோவிலும், உடனே சொற்களோடும் பாடிப் பார்க்கலாம். ஆளுக்கொரு போத்தல், ஆளுக்கொரு ஸ்ட்ரோ.

"அல்லேலூயா", "ஆமென்" இரண்டும் உயிரெழுத்தில் தொடங்குவதால் பலர் தொண்டையை இறுக்கி வெடிக்கவிடுகிறார்கள். கேட்கக் கம்பீரம், நாண்களுக்கு அடி. முன்னால் காதில் விழாத ஒரு "ஹ" இருப்பதாக நினைத்து, காற்றோடு தொடங்கப் பழக்குங்கள்.

கொத்தமல்லித் தண்ணியும் கற்கண்டும் இதம் தரும். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகிறது, நாண்களைத் தொடுவதில்லை. குடித்த தண்ணீர் உடம்பில் ஊறித்தான் நாண்களை ஈரமாக்கும். ஆகவே பாடுவதற்குச் சற்றுமுன் அல்ல, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். தொண்டையைச் செருமாமல் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் இனிப்பு மாத்திரை வலியை மறைக்கும். வலி மறைந்தவர் மேலும் கத்துவார்.

குரல் உடையும் வயதுப் பையன்களைப் பழைய உயரத்திலேயே பாட வற்புறுத்தக் கூடாது. வசதியான நாலைந்து ஸ்வரங்களுக்குள் ஒரு பகுதியைக் கொடுங்கள், அவர்கள் குழுவை விட்டுப் போகமாட்டார்கள்.

குரல் கம்மியவர் ஒத்திகைக்கு வரட்டும். பாட்டுத்தாளைப் பார்த்து மனதுக்குள் பின்தொடரட்டும். கிசுகிசுத்துப் பாடுவதும் அவருக்கு ஓய்வாகாது. இரண்டு வாரமாகியும் தெளியாவிட்டால், காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அனுப்புங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலேயே அதற்கான பிரிவு உண்டு. நத்தார் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பாடகர் குழுப் பயிற்றுநர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06