எதிர்வீட்டுத் தாத்தா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அயனாவரத்தில் இந்த முறையும் மழைத் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டதாகத் தம்பி சொன்னான். மோட்டார் ஸ்விட்சை ஈரக்கையால் தொடாதீர்கள்.

ஃப்ளோரிடாவில் புழுக்கம் குறைந்துவிட்டது. எதிர்வீட்டுத் தாத்தா இறந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. நான் இங்கே வந்த புதிதில் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டபோது, கூப்பிடாமலே ஸ்பேனரோடு வந்தவர். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். காது சிவக்க இருமிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார்.

'வெறுங்கையோடு திரும்பிய ஆளுக்கு எதற்கு இத்தனை மரியாதை?' என்று போனில் கேட்டீர்கள். ஐ.சி.எஃப்.பில் 34 வருடம் ரயில் பெட்டி எண்ணியவர் நீங்கள். கணக்கில் சுழி வந்தால் பிடிக்காது. அன்று எனக்குப் பதில் வரவில்லை.

வியட்நாம் போர்க்காலம். 1970 நவம்பர் 21, விடியாத நேரம். வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேற்கே சுமார் 37 கிலோமீட்டரில் சோன் டே சிறை. அங்கே அமெரிக்கப் போர்க்கைதிகள் இருப்பதாக நம்பி, அவர்களை மீட்க 56 வீரர்கள் தாய்லாந்திலிருந்து ஹெலிகாப்டர்களில் போனார்கள். தாத்தாவும் ஒருவர். எங்கள் ஊருக்குப் பக்கத்து எக்லின் விமானப்படைத் தளத்தில்தான் அந்தச் சிறையைப் போலவே ஒன்றைக் கட்டி இரவு இரவாகப் பழகினார்கள். எங்கே போகிறோம் என்பதைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் சொன்னார்களாம். ஒரு ஹெலிகாப்டரை வேண்டுமென்றே சிறை முற்றத்துக்குள் மோதி இறக்கினார்கள். அரை மணிக்குள் வேலை முடிந்தது. இவர்கள் பக்கம் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அறைகள் காலி. கைதிகளை ஜூலையிலேயே வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். கிணறு வற்றியதும் பக்கத்து ஆறு பெருகியதும் காரணம் என்பார்கள். வெள்ளத்துக்குப் பயந்து இடம் மாறுவதை நம் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டுமா என்ன!

தாத்தா அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. "கதவைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டு வாடை," என்றார். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மறுபடி வந்துவிடுவார்களோ என்று, வெளி முகாம்களில் சிதறிக் கிடந்த கைதிகளை வட வியட்நாம் ஹனோய் சிறைக்குக் கொண்டுவந்து பெரிய அறைகளில் ஒன்றாக அடைத்தது. வருடக்கணக்கில் தனியாகக் கிடந்தவர்களுக்குப் பேச ஆள் கிடைத்தது. 1973இல் விடுதலையானவர்களில் ஒருவர் இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பாட்டியின் கையைப் பிடித்தவர் வெகு நேரம் விடவில்லை. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அமெரிக்கக் கொடியை 13 மடிப்பாக மடித்துப் பாட்டியிடம் கொடுத்தார்கள். கடைசியில் முக்கோணமாக, நீலமும் நட்சத்திரமும் மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு கணம் சமோசா என்று நினைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள், திட்டுவாள்.

நேற்றுப் பாட்டி என் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. தம்பி வரும்போது அரைக் கிலோ கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்