அம்மாக்களின் உடல்நலம் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேர்வு, கட்டணம், விடுமுறை எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. கருப்பை, கருப்பைவாய், சினைப்பை, பிறப்புறுப்பு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் எதற்கு இதைப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலே டாக்டரிடம் ஓடுகிற அம்மாக்கள், தங்களுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பிக்கொண்டிருந்தாலும் "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பரீட்சையை நடத்துவது நாங்கள் என்பதால் நானே சொல்கிறேன், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜொஹானா சில்வர் கோர்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். உடல்நலத்தில் அக்கறை உள்ளவர், பரிசோதனைகளைத் தவறவிடாதவர். வயிற்றில் வந்த தொந்தரவை வாயுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார், அது சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. 2000-இல் இறந்துபோனார். அவருடைய சகோதரி விடாமல் முயன்றதால், இந்தப் புற்றுநோய்களைப் பற்றிப் பெண்களுக்கும் மருத்துவர்களுக்கும் எடுத்துச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது, 2007 ஜனவரியில் கையெழுத்தானது. அக்கறை இருந்தும் அறிகுறிகள் தெரியாததால் போன உயிர் அது. எனக்கு அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

அதனால் அறிகுறிகளை வெளிப்படையாகவே எழுதுகிறேன், பிள்ளைகள் படித்தாலும் பரவாயில்லை. மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரே ஒரு முறை, ஒரு துளி என்றாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோய் வருகிற பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் தெரிவது இந்த ரத்தப்போக்குதான், அப்போதே போனால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், உடலுறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இவை கருப்பைவாயைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் ஆறாத புண், தீராத அரிப்பு, தோல் நிறம் மாறுவது இவற்றையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சினைப்பை விஷயத்தில்தான் ஏமாந்துபோகிறோம். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்ற அவசரம், இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதானே. புதிதாக வந்து, இரண்டு மூன்று வாரமாகியும் போகாமல் அநேகமாக தினமும் இருந்தால் அது வேறு.

இன்னொன்று, "பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று, நார்மல்" என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது கருப்பைவாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை மட்டும்தான், சினைப்பையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அறிகுறி இல்லாத பெண்களுக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து சினைப்பைப் புற்றுநோய் இறப்புகளைக் குறைக்க முடியுமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள், குறைக்க முடியவில்லை என்றுதான் 2021-இல் முடிவு வந்தது. ஆகவே நம் உடம்பில் வரும் மாற்றத்தை நாமே கவனிப்பதை விட்டால் வழியில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய் அப்படியில்லை, தடுக்கவே முடியும். கிட்டத்தட்ட எல்லாமே உடலுறவு வழியாகப் பரவும் ஹெச்பிவி என்ற வைரஸால் வருகிறது, தொற்றிலிருந்து புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும், அதற்குள் பரிசோதனை செய்து மாற்றம் அடைந்த செல்களை எடுத்துவிடலாம். அப்படியிருந்தும் 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3.5 லட்சம் பெண்கள் இதனால் இறந்தார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறது. இவ்வளவு சின்ன வயதில் எதற்கு என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அந்த வயதில் எதிர்ப்பு சக்தியும் நன்றாக உருவாகும். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தடுப்பூசி எல்லா வகை ஹெச்பிவியையும் தடுக்காது என்பதால், போட்டுக்கொண்டவர்களும் பெரியவர்களானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

நம் பெற்றோர்களில் டாக்டர்கள், நர்ஸ்கள், சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஐம்பதைத் தாண்டிய பெண் புதிதாக வயிற்று உப்புசம் என்று வந்தால், வாயு மாத்திரை எழுதுவதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா? சில குடும்பங்களில், இந்தப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் தலைமுறை தலைமுறையாக வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நோயாளி கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடுவார், நீங்கள் கேட்டால்தான் மீதி வரும்.

அப்பாக்களே, வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றால் "எல்லாம் டென்ஷன்தான்" என்று சொல்லிவிடாமல் கூடவே போங்கள். டாக்டரிடம் போகும்போது என்னென்ன தொந்தரவு, எந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் எதையும் சொல்ல மறக்க மாட்டோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கடைசி அரை மணி நேரத்தை இதற்காக ஒதுக்கியிருக்கிறோம், ஒரு பெண் மருத்துவர் வந்து பேசுவார். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் கேள்வியைப் பெயர் போடாமல் எழுதி அலுவலக வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள். அம்மா, அப்பா இரண்டு பேருமே வாருங்கள், பாட்டிகளையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்