செயலாளர் ஆண்டறிக்கை: கட்டற்ற மென்பொருளில் நம் இசை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலூரில் வழக்கம்போல் மாதக் கூட்டங்களும், ஆடாசிட்டி, ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருள்களில் தொடக்கநிலைப் பயிற்சிகளும் நடந்தன. ஆர்டரை டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம் என்பதால் மாணவர்கள் நன்றாகவே வந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு மனசுக்கு நிறைவான வேலை என்றால் சுருதிப் பணிதான். சாதாரணக் கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்திருப்பார்கள். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 300. கீபோர்டு தருவதோ 302.4. தம்புரா ஓடும்போது இது உறுத்தும். பஞ்சமத்தில் வம்பில்லை, 360க்கு 359.6, காது கண்டுகொள்ளாது. சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர் மென்பொருளில் ஸ்கேலா கோப்பை ஏற்றி இதைச் சரிசெய்தோம். அது வெறும் எழுத்துக் கோப்பு, ஷட்ஜத்துக்கு ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை மடங்கு என்று வரிக்கு ஒரு விகிதம். மாயாமாளவகௌளை ராகத்துக்கு 16/15, 5/4, 4/3, 3/2, 8/5, 15/8, 2/1 என்று எழுதினோம். வாய்ப்பாட்டு ஆசிரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடிப் பார்த்தார். கமகம் இதில் வராது, அது பாடுகிறவர் தொண்டையில்தான் இருக்கிறது. ஆனால் சரளி வரிசை பழகும் குழந்தைக்கு நிற்கும் இடம் சுத்தமாகக் கிடைக்கிறது.

அடுத்து தெருக்கூத்துப் பதிவு. ஒரே மைக் வைத்தால் முகவீணை என்ற ஊதுகருவி மிருதங்கத்தையும் ஆர்மோனியத்தையும் அமுக்கிவிடும். அதனால் தனித்தனி மைக், ஆர்டரில் தனித்தனி ட்ராக். 24 பிட்டில், உச்சம் −12 டெசிபலைத் தாண்டாமல், மேலே இடம் விட்டுப் பதிந்தோம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் திடீரென்று குரலை உயர்த்தினாலும் ஒலி உடையவில்லை. பதிவின் பிரதி முதலில் கலைஞர்கள் கைக்குத்தான் போனது. அவர்கள் சம்மதமில்லாமல் எதையும் வெளியிடவில்லை. இதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் சோதனை இசை. இளைஞர்கள் முகவீணையின் ஒரே ஸ்வரத்தை ஆடாசிட்டியின் பால்ஸ்ட்ரெட்ச் என்ற வசதியில் இழுத்து நீட்டி, தேவனாம்பட்டினத்து அலையோசையோடு கலந்தார்கள். மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வாசித்த கலைஞரே கேட்டுவிட்டு, "இதை ஒத்தாக (பின்னணிச் சுருதியாக) வைத்துக்கொண்டு நான் மேலே வாசிக்கிறேனே" என்றார். அப்படியே அன்று பதிந்தது இந்த ஆண்டின் நல்ல பதிவு.

வரும் ஆண்டில் பம்பை, உடுக்கை பதிவுகளைத் தொடங்கவும், அதற்கான மைக் ஸ்டாண்டுகள் வாங்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்