வா. 32 என்றால் எப்போது?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் நாங்கள் எல்லாரும் நலம்.

"ஸ்வீடிஷ் ஆர்டர் பேப்பரை ஆங்கிலத்தில் மாற்ற ஆள் எதற்கு? மெஷினே செய்யுமே" என்று என் மொழிபெயர்ப்பு வேலையைக் கிண்டலடித்திருக்கிறாய். செய்யும்தான். வார்த்தையெல்லாம் சரியாகவே வரும், வியாபாரப் பழக்கம்தான் கூட வராது.

'ஒஃபெர்ட்' என்பதைக் கொட்டேஷன் என்று போட்டுவிடலாம். ஆனால் இங்கே 1915ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, விற்பவர் ஒஃபெர்ட் கொடுத்துவிட்டால் அதில் குறித்த கெடு முடியும்வரை அந்த விலைக்குக் கட்டுப்பட்டவர். இங்கிலாந்துச் சட்டத்திலோ, வாங்குபவர் சம்மதம் சொல்லும்வரை பொதுவாக வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அதனால் கம்பெனியைக் கேட்டுக்கொண்டு, விலை எந்தத் தேதிவரை செல்லும் என்று தனி வரியாகவே எழுதிவிடுவேன்.

அடுத்தது வார எண். 'டெலிவரி வா. 32' என்றுதான் வரும். இவர்கள் லீவு போடுவதைக்கூட வார எண்ணில்தான் பேசுவார்கள்! 2026இல் அது ஆகஸ்ட் 3 முதல் 9 வரை. தேதியைப் போடாவிட்டால் வெளிநாட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். அதோடு ஜூலையில் பல தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். ஜூன் கடைசியில் 'ஆறு வாரத்தில் டெலிவரி' என்று வந்தால், விடுமுறையையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று போன் போட்டுக் கேட்காமல் நான் அந்த வரியைத் தொடுவதில்லை.

ஆர்டர் உறுதிச் சீட்டில் எடை '1,250 கிலோ' என்று இருந்தால் நீ என்ன நினைப்பாய்? ஆயிரத்து இருநூற்றைம்பது என்றுதானே? இங்கே அது ஒன்றேகால் கிலோ. தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஆயிரத்தைப் பிரிக்க நடுவில் சின்ன இடைவெளி விடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான். 'மொம்ஸ்' என்ற வரி பொதுவாக 25 சதவீதம், அதை வாட் என்று போட்டால் வேலை முடிந்தது.

இன்வாய்ஸின் அடியில் 'எஃப்-ஸ்காட் அங்கீகாரம் பெற்றவர்' என்று ஒரு வரி இருக்கும். அவர் வரியை அவரே கட்டிக்கொள்வார், நீ பிடித்தம் செய்ய வேண்டாம் என்று அர்த்தம். உள்ளூர்க்காரருக்கு அது தேவை. லண்டனில் உள்ளவருக்கு அதை விளக்குவதா, அப்படியே விடுவதா? டிடிஎஸ் வரிப் பிடித்தத்தோடு மல்லுக்கட்டுகிற ஆடிட்டர் நீ. நீயாக இருந்தால் என்ன எழுதுவாய் என்று பதில் போடு.

அன்புடன்,
ரவி